அரை அம்பியரும் அறுபது விளக்குகளும்

சென்ற நவராத்திரியின்போது கோப்பாயில் எமது அயல்வீட்டு மாணவன் ஒருவன், கும்பத்தைச் சுற்றி வண்ண விளக்குகள் ஓடி விளையாடும் அலங்காரம் ஒன்றைச் செய்ய முனைந்தான். கையகலமான நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்று. அறுபது ஒளிகாலும் இருவாயிகள் பதித்த நாடா ஒன்று. சேர்த்து வைத்த கைக்காசு அவ்வளவும் இவற்றிற்கே போயிற்று. மின்சாரத்தைக் கணினியிலிருந்து எடுத்தான். ஐந்தாறு விளக்குகள் அழகாக எரிந்தன.

"அறுபதையும் ஏற்றிப் பாரும் தம்பி" என்றோம் நாம்.

ஏற்றினான். தொடக்கத்தில் வெண்மையாய் இருந்த ஒளி, நாடாவின் கடைசியிற் செம்மஞ்சளாய் மங்கிற்று. பலகையோ அணைவதும் உயிர்ப்பதுமாய்த் தத்தளித்தது. "படிக்கிற நேரத்திலை உனக்கேன் உந்த விளையாட்டு?" என்றார் தந்தையார். பையன் வாய் திறவாமல் யாவற்றையும் பெட்டியில் இட்டு மூடினான்.

குற்றம் அவனுடையதன்று, கணக்குப் பாராமல் ஏவிய எம்முடையதே. இத்தகைய நாடாவில் ஒரு விளக்கு முழு வெண்மையாய் ஒளிரச் சுமார் 60 மில்லியம்பியர் வேண்டும். அறுபதுக்கு 3.6 அம்பியர். கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. வாயில் தருவதோ 0.5 அம்பியர். ஏழு பேர் பந்தியில் ஒருவருக்கே சோறு!

அந்த அரை அம்பியர் எமக்குப் பழைய உறவு. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நாம் சிறுவர். மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் தயவில் வானொலிச் செய்தி கேட்டோம். 6 வோல்ற்று, 3 உவாற்று டைனமோ தருவதும் அதே அரை அம்பியர்தான். கூடவே ஒரு விளக்கையும் இணைத்தால் வானொலி முனகும். கைநோவே அன்று எமக்குக் கணக்கைக் கற்பித்தது, பின்னர் மறந்துவிட்டோம்.

மறுநாட் காலை பையனை அழைத்துக் கணக்கை எழுதிக் காட்டினோம். 5 வோல்ற்றில் 5 அம்பியர் தரவல்ல தனி மின்வழங்கி ஒன்றை வாங்கினோம். அதிலிருந்து தடித்த கம்பிகளை நாடாவின் இரு தலைப்பிற்கும் கொடுத்தோம். நீண்ட வாய்க்காலிற் கடைசிப் பாத்திக்கு நீர் குறைவதைத் தோட்டக்காரர் அறிவர். நாடாவில் வோல்ற்றளவு குறைவதும் அவ்வாறே. பலகையின் எதிர்முனையையும் மின்வழங்கியின் எதிர்முனையையும் ஒன்றாக இணைத்தோம். இன்றேல் பலகையின் கட்டளை நாடாவிற்கு விளங்காது. 230 வோல்ற்றுப் பக்கத்தைச் சிறுவர் தொடவே கூடாது.

தனி விளக்கை ஆர்டுயினோ ஊனோ பலகையின் முனையில் இணைப்போர் இதையும் குறித்துக்கொள்க. 5 வோல்ற்றிற் சிவப்பு விளக்கு ஏறக்குறைய 2 வோல்ற்றை எடுக்கும். எஞ்சிய 3 வோல்ற்றுக்கு 220 ஓம் தடையைத் தொடராக இட்டால் ஏறத்தாழ 14 மில்லியம்பியர் பாயும். ஒரு முனைக்கு 20 மில்லியம்பியர் அளவான சுமை. 40 என்பது கடக்கலாகாத எல்லை.

விஜயதசமியன்று மாலை, ஆளியை அழுத்தும்படி பையன் தந்தையாரையே கேட்டான். அறுபதும் எரிந்தன. அவர் நெடுநேரம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் கையில் ஒரு கருவி இயங்காவிடின், திறமை இல்லையென்று தீர்ப்புக் கூறுமுன், வேண்டிய மின்சாரம் கிடைத்ததா என்று கேளுங்கள். ஆசிரியராகிய நாமும் கேட்கப் பழகுவோம்.