பேச்சு சோழனுக்கு, கப்பல் யாருக்கோ

கடற்படை தினம் வந்தால் எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை. 1971 டிசம்பர் 4 இரவில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவு. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் வீரர்கள் இறங்குவார்கள். இருட்டியதும் கப்பல்கள் விளக்குச் சரம் கட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேதான். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மரக்காணம். கடலே இல்லாத மாவட்டமா விழுப்புரம்? ஆனாலும் அந்தக் கடலில் போர்க்கப்பல் பார்த்தேன் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒரு ஆள் கிடையாது.

கடற்படைத் தளம் இருக்கிற ஊரில்தான் விழா என்று இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். விசாகப்பட்டினத்தில் 2016இல் பன்னாட்டுக் கப்பல் அணிவகுப்பு, ஏறத்தாழ 50 நாட்டுக் கடற்படைகள். 2022இல் மறுபடியும் அங்கேயே, குடியரசுத் தலைவர் முன்னால் 60க்கு மேற்பட்ட கப்பல்கள். சரி, தளம் இருக்கிறது, கொண்டாடட்டும். ஆனால் 2023இலிருந்து அந்தக் கணக்கே மாறிவிட்டதே! முதலில் மகாராஷ்டிரத்தில் சிவாஜியின் சிந்துதுர்க் கோட்டைப் பக்கம். (அன்றைக்குத் திறந்த சிவாஜி சிலை ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை, அது வேறு கதை.) அடுத்த வருஷம் பூரி. 2025இல் திருவனந்தபுரம் சங்குமுகம். மூன்று ஊரிலும் கப்பல் கடலில் தள்ளி நின்றது, ஜனம் கரையில் நின்று பார்த்தது. மரக்காணத்தில் மணலுக்கா பஞ்சம்?

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அதே 2025 ஜூலையில்தான் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை நடத்திய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார். சந்தோஷம். டிசம்பரில் கப்பல்களையும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம் இல்லையா? 2022இல் மாறிய கடற்படைக் கொடியில் சிவாஜியின் முத்திரை வடிவம் ஏறிவிட்டது. சோழனுக்கு மேடைப் பேச்சு. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டு இருப்பதையாவது அந்த மேடையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

மழைக்காலம் என்பார்கள். நியாயம்தான், மறுக்கவில்லை. 2024இல் பெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயிலையே நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துப் பூரியில் விழா. இங்கே வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருந்தோம். அதற்கென்ன, பிப்ரவரியில் வையுங்கள். விசாகப்பட்டினத்து அணிவகுப்பு இரண்டும் பிப்ரவரியில்தானே நடந்தன?

“சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தா போய்ப் பாரேன் மாமா” என்கிறான் மச்சான். போகலாம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. பாஸ் வைத்திருப்பவனுக்குப் பந்தலும் நாற்காலியும், மற்றவனுக்கு உச்சி வெயில். அந்த பாஸை விழுப்புரத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று மச்சானைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.