வண்டிக்கு அணியும் அரணும்

பொருள் சுருங்கியவிடத்துத் தெரிவு வேண்டும். தெரிவு இல்லாதவிடத்துப் பொருள் மிகுந்தும் பயனில்லை. இவ்வுண்மை இல்லறத்துக்குப் பொருந்துமாறு போலவே மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். நம் மாணவருள் சிலர் தந்தையாரது பழைய வண்டியைப் பெற்று ஓட்டுகின்றனர். புதிதாய் உத்தியோகத்தில் அமர்ந்த பழைய மாணவர் சிலர், பிறர் ஓட்டிய சிறு வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றனர். வாங்கிய மறுவாரமே, இதற்கு இன்னும் என்ன செய்யலாம் என்னும் வினா எழுகின்றது. வினா நன்றே. ஆயின் அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை அலாய் வீலும், அலறும் சைலென்ஸரும், பின்புறத்துச் சிறகு போன்ற ஸ்பாய்லருமாம். இவ்விடை தகாதென்பது எமது துணிபு. சிறு முதல் கொண்டு வண்டியைத் திருத்த விரும்புவோர் முதற்கண் அது நிற்றற்கும், பின்னர் வழியைக் காண்டற்கும், அதன் பின்னர் உள்ளே இருப்பாரைக் காத்தற்கும் செலவிட்டு, எஞ்சியது உண்டேல் அழகுக்குச் செலவிடுதலே முறை.

காரணம் கூறுவாம். ஓடும் வண்டி தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோரிடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவினது. எஞ்சினின் வலிமையும், பிரேக்கின் பிடியும், ஸ்டியரிங்கின் திருப்பமும் அந்நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே தரையை அடைதல் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தை எய்துங்கால் அதன் இயக்க ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகின்றது. பௌதிகத் தேர்வில் எழுதிய இவ்வுண்மையை டயர்க் கடையில் மறந்து விடுதல் நன்றோ? டயரின் பள்ளங்களினடியில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் உள. டயர் தேய்ந்து அவற்றோடு சமமாயின் அதனை மாற்றுங் காலம் வந்ததென்று அறிக. பக்கச் சுவரிற் பொறித்த நான்கிலக்க எண்ணில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். இதனைப் படித்தறியக் காசு வேண்டா. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை தாழ்ந்து, நீண்ட மலையிறக்கத்திற் கைவிடும் இயல்பினது. ஆகலின் ஏறக்குறைய இரண்டாண்டுக்கொரு முறை அதனை மாற்றுதல் வழக்கம்.

இனி விளக்கு. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பல்பு 60/55 வாட் அளவினது. அதனை நீக்கி 100/90 வாட் பல்பைப் பொருத்துவாருளர். மெல்லிய ஒயர் சூடேறி ஹோல்டர் உருகக்கூடும் என்பதுமன்றி, எதிர்வருவோன் கண்ணும் கூசிப் பார்வை மழுங்கும். மஞ்சளித்த முகப்பைத் தேய்த்து மெருகேற்றி, ஒளிக்கதிரைத் தக்க கோணத்தில் தாழ்த்தி வைத்தல் செலவிற் குறைந்தது, பயனில் மிக்கது.

உள்ளே இருப்பாருக்கு வண்டியோடு வந்த பெல்ட்டினுஞ் சிறந்த அரண் இல்லை. அது நைந்திருப்பின் புதுப்பித்தல் முதற் கடமை. ஆயினும், பெல்ட் அணியாதவிடத்து ஒலிக்கும் எச்சரிக்கையை அடக்குதற்பொருட்டு வெறுங் கொக்கியை வாங்கிச் செருகுவாரைக் காண்கின்றோம். மலிவான மாற்றங்களுள் இதனினுங் கொடியது பிறிதில்லை. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டபோது அவர் ஏறியிருந்தது விலையுயர்ந்த வண்டியே. பின்னிருக்கையிலிருந்த இருவரும் பெல்ட் அணிந்திலர் எனக் காவற்றுறையினர் தெரிவித்தனர். பொருள் வாங்கித் தரும் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.

சட்டத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள், செய்தோர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இதனை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தச் சட்டப்படி, தகாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்புறத்து இரும்புத் தடுப்புக் கம்பியின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதுங்கால் தான் நசுங்கி உள்ளிருப்பாரைக் காக்குமாறு அமைந்த முன்பகுதியின் தொழிலை அக்கம்பி கெடுக்கும். நடந்து செல்வோனுக்கோ அது பின்னுங் கொடிது.

'இளமைக்கு அழகு வேண்டாவோ? தன் கையால் ஒன்றை மாற்றியமைப்பதில் இன்பமில்லையோ?' என்பார்க்கு யாம் மாறல்லேம். அழகுணர்ச்சி குற்றமன்று. பிளக்கைக் கழற்றித் துடைத்தலும், காற்று வடிகட்டியைத் தானே மாற்றுதலும், டயரின் காற்றழுத்தத்தை அளந்து நிரப்புதலும் கைக்கும் கருத்துக்கும் ஒருங்கே பயிற்சி தருவன. நல்ல பாட்டுப் பெட்டியும், முதுகு நோவாத இருக்கை விரிப்பும் வேண்டுவார் வாங்குக. இருக்கையினுள் காற்றுப்பை அமைந்த வண்டியாயின், விரிப்பு அதன் வாயை மூடாதிருத்தல் வேண்டும். யாம் மறுப்பது, தேய்ந்த டயரின்மேல் பளபளக்கும் மூடியை மாட்டும் வரிசைப் பிழையையே.

நம் கையிலுள்ள பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரே என்று இக்கலாசாலை நமக்குக் கற்பித்துள்ளது. வண்டியும் அத்தகையதே. அதில் ஏறுவோர் நம் தாயாரும் தங்கையரும் நண்பருமாவர். அதன் முன்னே சாலையைக் கடப்போரோ நாம் பெயரும் அறியாதவர். இவ்விரு திறத்தாரின் உயிரையும் எண்ணி முதற் செலவைச் செய்யுமாறு நம் மாணவரை வேண்டுகின்றோம். கண்டோர் வியக்கும் வண்டி சில நாளில் பழகிப்போம். வேண்டியவிடத்து நிற்கும் வண்டியோ என்றும் பயன் தரும்.