யானை விலையும் தீனி விலையும்

புது விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறதே என்று பழைய சொகுசுக் காரை வாங்கத் துடிப்போர் பெருகிவிட்டனர், நண்பர்களே! என் மாமாவும் அவர்களில் ஒருவர். அத்தையின் நகையை விற்று, பழைய போர்ஷே கேயென் எஸ் ஒன்றை வாங்கப் பார்க்கிறார். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் என் தந்தை வேண்டாம் என்கிறார்; நானும் அவர் பக்கமே.

2002-இல் அறிமுகமான அந்த வண்டி விரைவுக்குப் பெயர் பெற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினின் தொடக்க கால மாடல்களில், குளிர்நீர்க் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் செய்து, எஞ்சினின் நடு வெப்பத்திலேயே பொருத்திவிட்டார்கள். நாளடைவில் அவை விரிசல் விட்டு ஒழுகும். அலுமினியக் குழாய் மாற்றலாம். குழாயைவிடக் கழற்றி மாட்டும் கூலியே பெரிது. எடையோ இரண்டு டன்னுக்கு மேல். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்று வகுப்பில் படிக்கிறோமே, வண்டி நிற்கும்போது அதைப் பிரேக்குகள்தாம் விழுங்கித் தேய வேண்டும்.

வண்டியின் விலை வயதோடு இறங்கும். உதிரிபாகத்தின் விலை அப்படி இறங்குவதில்லை. இதைச் சொன்னால், "படிக்கிற பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்னடா தெரியும்?" என்கிறார் மாமா. அத்தை மட்டும் என்னைத் தனியே அழைத்து, அந்தக் குழாய் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.