தறிக்குக் கொடுக்கும் கவனம் பிள்ளைக்கு எங்கே?

படவேட்டுப் பெற்றோரே, கோபமாகத்தான் எழுதுகிறேன். கேளுங்கள்.

குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் நமக்கு வேறு நினைப்பே கிடையாது. பாவில் ஒரு இழை அறுந்தாலும் கை நின்றுவிடும். நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நாடா மறுபடி ஓடும். பார்க்காமல் விட்டால் சேலையில் கோடு விழும், கூலி குறையும்.

அதே நாம், சாயங்காலம் பிள்ளை கணக்கு நோட்டோடு வந்து நின்றால் என்ன செய்கிறோம்? அடுப்பில் குழம்பு, டிவியில் சீரியல், காதில் போன். "நீ சொல்லுடா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறோம். என்ன சொன்னான் என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறோம். நாளைக்கு அவன் கணக்கைத் தப்பாகப் போட்டு வந்தால் மட்டும் முதுகில் இரண்டு வைக்கிறோம். இது என்ன நியாயம்?

பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளையை, "எல்லாத்தையும் ஒண்ணா பண்ணுவான், அஷ்டாவதானி" என்று மெச்சுகிறவர்களும் உண்டு. கோட்டாறு செய்குத்தம்பி பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டினார். அதற்குப் பின்னால் ஆழ்ந்த தமிழ்ப் படிப்பும் நினைவுப் பயிற்சியும் இருந்தன. ரீல்ஸ் தள்ளிப் பழகிய விரலுக்கு அது வாய்க்காது. டிவி, போன், கம்ப்யூட்டர் என்று ஒரே நேரத்தில் பலவற்றில் மேய்கிறவர்களை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். தேவையில்லாததை ஒதுக்குவதில் அவர்கள் பின்தங்கினார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் மற்றவர்களைவிட மோசம்!

"முகூர்த்த ஆர்டர் கழுத்தை நெரிக்குது, நேரம் எங்கே?" என்பீர்கள். சேலை கொடுக்கிற தேதி நெருங்கினால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைக்கூடத் தள்ளி வைக்கிறோமே! எது முக்கியம் என்று பிரிக்கத் தெரியாதவர்களா நாம்? அந்தப் பட்டியலில் பிள்ளையைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாள் முழுக்க வேண்டாம், அரை மணி நேரம் போதும். குழம்பை இறக்கிவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் சொல்வதை முகம் பார்த்துக் கேளுங்கள். நாளைக்குப் பரீட்சை எந்தப் பாடமோ அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அடுத்தது.

பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயில் வரிசையில் கால் கடுக்க நிற்கிறோம். அதே பிள்ளைக்காக வீட்டில் அரை மணி நேரம் உட்கார மாட்டோமா?