அப்பா யார்னு லேப் சொல்லணுமா?

"டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடப் போகுது, கோர்ட் ஏன்டா இழுக்குது?" விவாகரத்து வழக்கு பற்றிப் பேச்சு வந்தால் எங்க கிளாஸ் பசங்க கேட்பது இதுதான். கோர்ட் தயங்குவது சரி என்பது என் கட்சி. (பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க. பிசினஸ் லா பேப்பரில் இது வராது, நானே தேடிப் படிச்சது.)

1872-ம் வருட சாட்சியச் சட்டம், 112-வது பிரிவு. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையது. விவாகரத்து ஆகி 280 நாட்களுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதிருந்தால், அப்படியேதான். கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இது 116-வது பிரிவாக இருக்கிறது. டி.என்.ஏ. என்ற வார்த்தையே அதில் கிடையாது.

பழைய பஞ்சாங்கம் என்கிறீர்களா? நம்ம நீலகிரியையே பாருங்க. சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணந்த காலத்தில், தோடர்களிடையே கர்ப்பத்தின் ஏழாம் மாதம் வில் கொடுக்கும் சடங்கு நடக்கும். வில் கொடுத்தவர்தான் அப்பா. இன்னொருவர் வில் கொடுக்கும் வரை, அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் அவரே. ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட புத்தகத்தில் விவரமாக இருக்கு. ரத்தம் யாருடையது என்று யாரும் தோண்டவில்லை. பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போகக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, ஏமாற்றப்பட்ட ஆண் என்ன பண்ணுவான்? நியாயமான கேள்வி. 2014-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு மகாராஷ்டிர வழக்கில், இரண்டு முறை எடுத்த டெஸ்ட்டும் "இவர் அப்பா இல்லை" என்றதால், மகளுக்கு ஜீவனாம்சம் தர வேண்டாம் என்றது. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் 2023-ல் அதே கோர்ட், பெற்றவர்கள் சண்டைக்காகக் குழந்தையை இயந்திரத்தனமாக டெஸ்ட்டுக்கு அனுப்பக் கூடாது, அதற்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

ஏன்னா, சந்தேகம் எப்போ வருதுன்னு பாருங்க. பள்ளிச் சேர்க்கையில் அப்பா பெயர் எழுதும்போது வராது. ஜீவனாம்ச மனு போட்டதும் வந்துவிடும்! செலவைக் கணக்கிலிருந்து தள்ளுபடி பண்ற மாதிரி பிள்ளையைத் தள்ளப் பார்க்கிறார்கள்.

ஜெர்மனியில், சந்தேகத்துக்குக் காரணமான விஷயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நம்ம 116-வது பிரிவில் அப்படி ஒரு கெடு இல்லை. அதைச் சேர்க்கட்டும். விஷயம் தெரிந்தும் பத்து வருஷம் "அப்பா" என்று கூப்பிட விட்டவர், டைவர்ஸ் ஆனதும் ரத்தம் கேட்கக் கூடாது.