ஹராம் மீட்டரில் அளக்கப்படுவதா?

பள்ளிவாசலுக்கு அருகில் மதுக்கடை திறக்கப்பட்டால் நாம் கொதித்தெழுகிறோம். ஜமாஅத் கூடுகிறது. ஆட்சியரிடம் மனு போகிறது. ஜும்ஆவுக்குப் பின் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. வழிபாட்டுத் தலங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் நகரங்களில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கடை அந்த எல்லையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டால், வென்றுவிட்டதாக எண்ணிக் கலைந்துவிடுகிறோம். அடுத்த தெருவில் பிள்ளைகள் இல்லையா? ஹராம் மீட்டரில் அளக்கப்படுவதா?

அரசு யாருடைய குரலுக்குச் செவிசாய்க்கிறது என்பதை மதுவின் வரலாறே சொல்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது விலக்கப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் மீண்டும் வந்து, மறுபடியும் போனது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. 2023-24இல் அதன் வழியே கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆலை முதலாளிகளும் பார் நடத்துவோரும் எண்ணிக்கையில் சிலரே. ஆயினும் அவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு; ஒரு நாளும் அயர்வதில்லை. அவர்களுக்குத் துணையாகக் கருவூலமே நிற்கிறது. எதிர்க்கும் நாமோ கோடிக்கணக்கானோர். ஒரு நாள் கோபப்பட்டு, மறுநாள் மறந்துவிடுகிறோம்.

மக்கள் குரலுக்கு வலிமை இல்லை என்று சொல்ல முடியாது. 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்திலேயே உயிர் நீத்தார். மாநிலம் கொந்தளித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரிய கட்சிகள் அனைத்தும் மதுவிலக்கைப் பேச நேர்ந்தது. மீண்டும் ஆட்சியேற்ற ஜெயலலிதா 500 கடைகளை மூடவும் விற்பனை நேரத்தைக் குறைக்கவும் உத்தரவிட்டார். 2017இல், உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலைகளிலிருந்து அகற்றப்பட்ட கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழைய முயன்றபோது, வழிமறித்து நின்றவர்கள் ஊர்ப் பெண்களே.

கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்கிறார்கள். கடைகள் திறந்திருக்கும்போதுதான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்துக்குப் பலியானார்கள். வருவாய் இல்லாமல் நலத்திட்டங்கள் எப்படி என்று கேட்கிறார்கள். மதுவில் பயன் இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மறுக்கவில்லை. அதன் கேடு பயனைவிடப் பெரியது என்றே தீர்ப்பளிக்கிறது. மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில், அதன் விலையை உண்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தார்கள். குடும்பத்தலைவனின் கூலியைக் கடையில் வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை அவன் மனைவிக்கு உதவித்தொகையாக நீட்டுவது எந்த நலம்?

நம் அமைப்புகள் மதுவிலக்குத் தீர்மானம் நிறைவேற்றாமல் இல்லை. தீர்மானத்தோடு கோப்பு மூடப்படுவதே நம் குறை. நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமை முஹல்லாவுக்கு மட்டும் உரியதன்று. மனிதகுலம் முழுமைக்கும் உரியது. கிராம சபைகள் கூடும் குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் நாம் எங்கே இருக்கிறோம்? கடை அடுத்த தெருவுக்கு நகரும்போது, அத்தெருப் பெண்கள் எம்மதத்தவராயினும் அவர்களோடு போய் நிற்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம் முதல் கேள்வியாக இதையே கேட்போம்.

விற்பவர்கள் ஓய்வதில்லை. நாமும் ஓயக் கூடாது. அல்லாஹ் நமக்கு உறுதியைத் தருவானாக!