'தூரமா?'

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது 'எங்கே போறே?' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் திட்டு நிச்சயம். 'கிளம்புறவனை எங்கேன்னு கேட்கலாமா? தூரமான்னு கேளு' என்பார். கிளம்புகிறவரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார், 'போயிட்டு வரேன்' என்பார். திரும்பி வருவேன் என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஜன்னல், சாவி, அலமாரி என்ற சொற்களை நமக்குத் தந்த போர்ச்சுகீசிய மொழிக்கும் இதே கவலை உண்டு. நண்பரைத் தெருவில் பார்த்தால் 'பரா ஓந்த வைஷ்?' என்பார்கள். 'எங்கே போறே?' என்று அர்த்தம். மரியாதைக்குரியவர் என்றால் 'வைஷ்' என்பது 'வை' ஆகிவிடும், நம்முடைய 'போறீங்க' மாதிரி. சூட்சுமம் பதிலில் இருக்கிறது. 'வோ அ லிஷ்போவா' என்றால், லிஸ்பனுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். 'வோ பரா லிஷ்போவா' என்றால், அங்கேயே தங்கப் போகிறேன். நடுவில் வரும் அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டதுமே, ஆள் திரும்பி வருவாரா என்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

அது தெரியாமல் காத்திருப்பது எத்தனை பெரிய பாரம் என்பதை ஜவ்வாதுமலை வீடுகள் அறியும். அங்கே சாமையும் தினையும் மழையை நம்பித்தான் விளைகின்றன. வெள்ளாமை முடிந்ததும் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர். அழைத்துப்போக மேஸ்திரி வருவார், முன்பணம் தருவார். எந்த ஊர், என்ன வேலை என்பது போகிறவருக்கே சரியாகத் தெரியாமல் இருப்பதும் உண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். கூலி வேலைக்குத்தான் போனார்கள் என்றார்கள் குடும்பத்தினர்.

'தூரமா?' என்று கேட்பது அழகான வழக்கம்தான், அதை விட வேண்டாம். ஆனால், வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்புகிறவரிடம் அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். எந்த ஊர், யார் கூட்டிப் போகிறார், அவருடைய போன் நம்பர் என்ன, எப்போது திரும்புவீர்கள்? இந்த நான்கையும் முதல் நாள் ராத்திரி, சாப்பிடும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். வாசலில் கேட்டால்தானே சகுனம் பார்ப்பார்கள்!